வங்கக் கவிஞரைப் பற்றி நான் பேசிய பேச்சு

கடுகெண்ணெய் காயும்போது எழுகிற மணம் மூக்கில் ஏறி, கண்ணில் இரண்டு சொட்டு நீரை வரவழைத்துவிட்டுத்தான் அடங்கும். ரெக்ஸ்டேலில், புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருந்த பதினான்கு மாடிக் கட்டடத்தில், ஏழாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் அந்த மணம் வந்து முகத்தில் அடிக்கும். எங்கள் வீடு எட்டாம் மாடியில் இருந்தாலும், பள்ளி விட்டு வரும்போது நான் ஏழிலேயே இறங்கிவிடுவேன். ஷிரின் வீடு அங்கேதான் இருந்தது. என் வகுப்பு, என் வயது, இருவருக்கும் பதினொன்று. டாக்காவிலிருந்து வந்த குடும்பம். எங்களுக்குள் ஆங்கிலம்தான் பேசிக்கொள்வோம் என்றாலும், அவள் அம்மாவைக் கூப்பிடும் "அம்மா" என் "அம்மா"வைப் போலவே இருந்ததில் எங்கள் இருவருக்கும் தனிப் பெருமை.

என் அம்மாவுக்கு இந்தச் சிநேகத்தில் முழுச் சம்மதம் இல்லை. எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுக் கணக்கில் மனிதர்கள் இரண்டே வகை: "எங்கடை ஆக்கள்", "வேறை ஆக்கள்". "பழக வேண்டாமெண்டு சொல்லேல்லைப் பிள்ளை, ஆனா அளவோடை பழகு" என்பார். அந்த "அளவோடை" எவ்வளவு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து நானாகவே அதை அளந்துகொள்ளப் பழகியிருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில், நான் சனிக்கிழமைகளில் போய்வந்த தமிழ் வகுப்பில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். என் பிரிவுக்கு வந்த தலைப்பு, புகழ்பெற்ற வங்கக் கவிஞர் ஒருவரின் வாழ்வும் எழுத்தும். வெண்தாடியும் நீண்ட அங்கியுமாக அவர் படத்தை வகுப்புச் சுவரில் பார்த்திருக்கிறேனே தவிர, வேறொன்றும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அப்பாவின் நண்பர் ஒருவர் எங்கள் சுற்றத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பேச்சு எழுதித் தருவார். அவருக்குப் பெயரே "எழுத்து அங்கிள்". நான்கு பக்கம் எழுதி வந்தது. பள்ளிச் சுவர்களை வெறுத்த பிள்ளை, பிற்காலத்தில் மரங்களின் கீழே பாடம் நடத்தியவர், மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் சுவர்கள் இடிய வேண்டும் என்று சொன்னவர், பட்டங்கள், பரிசுகள் என்று ஒவ்வொரு வரியும் முழங்கியது. பொருள் பாதி புரியாமலே நான் அதை மனப்பாடம் செய்தேன்.

"கடைசியிலை ரெண்டு வரி அவரின்ரை பாட்டை வங்காளத்திலையே பாடினா, சபை எழும்பும்" என்றார் எழுத்து அங்கிள், தேநீரை ஆற்றிக்கொண்டே.

அம்மா யோசிக்கவே இல்லை. "உந்தக் கீழ்வீட்டுப் பெட்டை பெங்காலிதானே? போய்க் கேட்டுப் பாரன் பிள்ளை" என்றார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் அளவு தளர்ந்தது.

ஷிரினிடம் கேட்டபோது அவளுக்கு ஒரே சந்தோசம். ஆனால் அவளுக்கு வங்காளம் பேசத்தான் வரும், எழுத வராது. ஆகவே இருவரும் சமையலறை மேசையில் கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். அவளுடைய அம்மா, எனக்கு அன்ரி, மீன் பொரித்துக்கொண்டே அந்தக் கவிஞரின் மழைப்பாட்டு ஒன்றைப் பாடினார். ஷிரின் ஆங்கில எழுத்தில் எழுதினாள், நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். என் எழுத்தில் ஒரே ஒரு "ப" இருக்க, அவர்களுடைய பாட்டில் நான்கு விதமான "ப" வந்தது. நான் வாசித்துக் காட்டியதைக் கேட்டு அன்ரி அகப்பையை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்து, உதட்டைக் காட்டி ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினார். இப்படி ஐந்தாறு நாட்கள்.

ஒருநாள் அங்கிள் எழுதியதை ஷிரினுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அதைத் தாய்க்கு வங்காளத்தில் சொன்னாள். அன்ரி முழுவதையும் கேட்டார். பிறகு மகளிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

"அவருடைய பிள்ளைகள் செத்துப் போனது இதில் இல்லையா என்று அம்மா கேட்கிறா" என்றாள் ஷிரின். "மனைவியும் செத்துப் போனா. அதுக்குப் பிறகும் பாட்டு எழுதினார். வீட்டில் சொல்லி அழ ஆள் இல்லாதபடியால்தான் உலகத்துக்கே சொன்னார் என்று அம்மா நினைக்கிறா."

அந்தப் படத்தில் இருந்தவர் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு மனிதராக ஆனார். அன்று மாலையே பட்டங்கள் பற்றிய பத்தியை வெட்டிவிட்டு, அன்ரி சொன்னதை என் தமிழில் எழுதிச் சேர்த்தேன். அந்த உற்சாகத்தில்தான், "போட்டிக்கு நீங்கள் இருவரும் கட்டாயம் வரவேண்டும்" என்று நான் அழைத்ததும்.

போட்டி ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. பட்டுப் பாவாடை, தலைநிறையப் பூ, முன்வரிசையில் அம்மாவும் அப்பாவும் எழுத்து அங்கிளும். என் முறைக்குச் சற்று முன்பு பின்கதவு திறந்து ஷிரினும் அவள் அம்மாவும் உள்ளே வந்தார்கள். அன்ரி பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். தொழிற்சாலை ஜாக்கெற், அதில் மா படிந்த கைகள், தலையில் கழற்ற மறந்த வெள்ளை வலைத்தொப்பி. பட்டுச் சேலைகளுக்கு நடுவே இடம் தேடி நின்றவர், என்னைக் கண்டதும் கையை உயர்த்தி அசைத்தார்.

என் பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். "உவ ஆர்? உனக்குக் கை காட்டுறா. தெரிஞ்ச ஆக்களோ?"

"தெரியாது" என்றேன்.

மேடைக்குப் போனேன். நன்றாகவே பேசினேன். இறந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது மண்டபம் அமைதியானது; மழைப்பாட்டைப் பாடியபோது எழுத்து அங்கிள் சொன்னபடியே சபை எழுந்தது. நடுவர்களில் ஒருவர் இங்கேயே படித்து வளர்ந்தவர், தமிழைவிட ஆங்கிலத்தில் பேசுவதுதான் அவருக்கு வசதி. ஒலிவாங்கியைப் பிடித்து ஆங்கிலத்தில் கேட்டார்: "மிக அழகாகப் பாடினாய். இந்தப் பாட்டையும், அவர் பிள்ளைகளை இழந்த கதையையும் உனக்கு யார் சொல்லித் தந்தது?"

நடுவர் தமிழில் கேட்டிருந்தால் ஷிரினுக்குப் புரிந்திருக்காது. ஆங்கிலத்தில் கேட்டதால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததை மேடையிலிருந்தே கண்டேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் முன்வரிசையில் அம்மாவின் முகம் இருந்தது. மேடை ஓரத்தில் அந்த இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இப்போதுதான் தெரியாது என்று சொன்ன ஒரு பெண்ணை, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நான் எப்படிக் காட்டுவது?

"யாருமில்லை" என்றேன் ஆங்கிலத்தில். "லைப்ரரியில் புத்தகம் எடுத்து நானாகவே படித்தேன்."

இன்னும் பெரிதாகக் கைதட்டினார்கள். முதல் பரிசு எனக்கு. மனிதரைப் பிரிக்கும் சுவர்கள் இடிய வேண்டும் என்று நான்கு நிமிடம் முழங்கிவிட்டு, ஐந்தாவது நிமிடத்தில் நானே ஒன்றைக் கட்டியிருந்தேன் என்பது அன்று எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று சொன்னால் அது பொய். பின்வரிசையில் ஷிரின் தலையைக் குனிந்து தாயின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட அன்ரி எழுந்து நின்று, எல்லோரும் உட்கார்ந்த பிறகும் கைதட்டிக்கொண்டே இருந்தார். ஆங்கிலம் தெரியாத பாவம், என்ன நடந்தது என்று விளங்காமல் தட்டுகிறார் என்று நினைத்தேன். அது என் வெட்கத்தை இரண்டு மடங்காக்கியது.

மறுநாள் அவர் ஒரு கிண்ணம் பாயாசத்தோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டேன். அம்மா வாங்கிக்கொண்டு, "ஏன் உந்த மனுசி இவ்வளவு சந்தோசப்படுது?" என்று அப்பாவிடம் கேட்டது தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. பள்ளியில் ஷிரின் என்னைத் திட்டவில்லை, காரணமும் கேட்கவில்லை. வேறு மேசையில் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அதன் பிறகு நான் லிஃப்டில் ஏழாம் மாடியில் இறங்கவே இல்லை. கோடையில் அவர்கள் வீடு மாறிப் போனார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவும் இல்லை.

இப்போது யூனியன்வில்லில் இருக்கிறேன். என் மகளுக்கும் பதினொரு வயது. போன இலையுதிர் காலத்தில் அவளுடைய பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்குப் போனபோது, புதிதாக வந்திருந்த கணித ஆசிரியை கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். முடியில் நரை விழுந்திருந்தது. ஆனாலும் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

மகளின் பின்னக் கணக்குகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். ஒரு பெற்றோருக்குப் பத்து நிமிடம்தான். எழும்ப வேண்டிய நேரத்தில் நான் எழும்பாமல், "ஷிரின், அன்று மேடையில் நான் பொய் சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும். உன் அம்மாவிடமும் நான் கேட்க வேண்டும்" என்றேன்.

"அம்மா மூன்று வருடத்துக்கு முன்பு போய்விட்டா" என்றாள். பேனையை மூடி வைத்தாள். "அவவிடம் நீ மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அவவுக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"நீ என்ன சொன்னாய் என்று என்னிடம்தானே கேட்டா. வேலை உடுப்போடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவ. நான் எப்படிச் சொல்வது? 'இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது நஸ்ரீன் அன்ரி என்று சொல்கிறாள் அம்மா' என்றேன். சாகும்வரை அதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. ஒரு தமிழ்ப் பிள்ளை மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் என் பெயரைச் சொன்னது என்று."

வெளியே அடுத்த பெற்றோர் கதவைத் தட்டினார்கள். ஷிரின் எழுந்து கை கொடுத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, பழைய சிநேகமும் இல்லை. கார் நிறுத்துமிடத்துக்கு வந்து நெடுநேரம் காரைக் கிளப்பாமல் இருந்தேன். அந்த மழைப்பாட்டில் இன்றைக்கு எனக்கு ஒரு சொல்லும் நினைவில்லை. தமிழ் எழுத்தில் எழுதிய கொப்பியும் எந்த வீடு மாறலிலோ தொலைந்து போனது.

நஸ்ரீன். அன்று நடுவருக்கு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு இருந்திருந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க முடியாது. அவருடைய பெயர் என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.