ஓடிப்போனவருக்கு ஒரு நோட்டீஸ்

வேலை இல்லாத வக்கீல்தான் ஏழைகளுக்கு இலவசமாக உதவ முடியும். வேலை இருப்பவனுக்கு நேரம் ஏது? ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி ஜில்லா கோர்ட்டு மரத்தடியில் கறுப்புக் கோட்டோடு வெறுமனே நின்றவர்களில் நான் ஒருவன். பாலக்கரையிலிருந்து வந்த என் கத்தோலிக்க நண்பர் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கோயிலில் பூசை பார்த்துவிட்டு வருவார். நான் நாமத்தைச் சாத்திக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் மாடி அறையை எங்களுக்கு விட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காதவர்கள், இலவச வார்டில் சேர கிராம முன்சீப்பிடம் சான்று வாங்க முடியாதவர்கள், இப்படி யார் வந்தாலும் மனு எழுதிக் கொடுப்போம். பெரிய தர்மம் என்று ஊரில் சொன்னார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

ஒரு ஞாயிறு, மண்ணச்சநல்லூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலை. நாற்பது வயது இருக்கும். வயிற்றில் கட்டி. ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், தள்ளிப்போட்டால் தன் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரி குமாஸ்தா, புருஷன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்பேன் என்கிறாராம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். குமாஸ்தாவின் பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

"வீட்டுக்காரர் எங்க இருக்கார்மா?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க சாமி. கொழும்புக்கு வேலைக்குப் போறேன்னு போனாரு. அஞ்சு வருசம் ஆச்சு. லெட்டரும் இல்ல, ஆளும் இல்ல."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போயிருப்பார்கள். நாங்கள் வக்கீல்கள். சட்டப் புத்தகத்தை எடுத்தோம். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாக அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நண்பருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டே வருஷம்மா, அப்புறம் சட்டப்படி உங்க வீட்டுக்காரர் செத்த மாதிரிதான். புருஷன் கையெழுத்தே வேண்டியதில்ல" என்றார்.

அந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவரு ரெண்டு வருசத்துல செத்துடுவாருங்க ஐயா. அதுவரைக்கும் நான் சாகாம இருக்கணுமே?"

சட்டக் கல்லூரியில் யாரும் எங்களை இப்படி மடக்கியதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னோம். வாய்தா வாங்கியே பழகிய வாய்.

அடுத்த ஞாயிறு எனக்குத்தான் அந்த அருமையான யோசனை உதித்தது. பழியை நண்பர் மேல் போட ஆசைதான். ஆனால் என்னுடையதுதான். கோர்ட்டில் பிரதிவாதி அகப்படாவிட்டால் என்ன செய்வார்கள்? அவன் கடைசியாகக் குடியிருந்த வீட்டுக் கதவில் நோட்டீஸை ஒட்டிவிடுவார்கள். ஒட்டினால் அவனுக்குத் தெரிந்ததாகக் கணக்கு. அதே முறைப்படி புருஷனுக்கு நோட்டீஸ் விடுவோம், நகலை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம், கெடு முடிந்ததும் குமாஸ்தா என்ன சொல்கிறான் பார்ப்போம் என்றேன். நண்பர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்றைக்கே நான் எழுதினேன்: "தங்கள் மனைவியின் வயிற்றில் ஏற்பட்டிருக்கும் கட்டி சம்பந்தமாக, பதினைந்து தினங்களுக்குள் தாங்கள் நேரில் ஆஜராகிக் கையொப்பமிட வேண்டியது. தவறினால் தங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை எனக் கருதப்படும்." இத்தனை வருஷம் கழித்தும் அந்த நடையைக் குறை சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை ஒரு கொட்டாங்குச்சியில் பசையை எடுத்துக்கொண்டு இருவரும் மண்ணச்சநல்லூர் போனோம். ஓடிப்போனவர் கடைசியாகக் குடியிருந்த வீடு அந்த அம்மாளின் வீடுதானே? அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் கதவிலேயே ஒட்டினோம். ஜப்தி செய்ய வந்திருக்கிறார்கள் என்று தெருவே கூடிவிட்டது.

"அவரு வீட்டுல இல்லன்னுதானேங்க உங்ககிட்ட வந்தேன்?" என்றார் அந்த அம்மாள்.

"அது எங்களுக்குத் தெரியும்மா. இது சட்டத்துக்காக" என்றேன்.

நகலை ரிஜிஸ்தர் தபாலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிறகு கெடு முடியட்டும் என்று நிம்மதியாக இருந்தோம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தோம்.

கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாள் வந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"கையெழுத்து, கையெழுத்துங்குறாங்களே, அது எந்தத் தாளுலன்னு வார்டு ஆயாகிட்டக் கேட்டேன். எழுதாத தாளு ஒண்ணு கொடுத்துச்சு. இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சாமி. எனக்குப் படிக்கத் தெரியாது."

அதுவரை அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. சாட்சியச் சட்டத்தைப் படித்தோம், நோட்டீஸ் விதிகளைப் படித்தோம், கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் படிக்கவில்லை. இங்கிலீஷில் தெளிவாக அச்சடித்திருந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதித்து நோயாளியே கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் கைநாட்டு. நோயாளி மைனராகவோ நினைவில்லாமலோ இருந்தால் மட்டும் உறவினர். புருஷன் என்ற பேச்சே அதில் இல்லை.

நண்பர் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கே மூவரும் ஆஸ்பத்திரியில் நின்றோம். "பொம்பளைக்குப் புருஷன் போடறதுதான் சார் வழக்கம்" என்றார் குமாஸ்தா. நண்பர் போட்ட கூச்சலில் டாக்டரே வெளியே வந்துவிட்டார். தாளைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார்.

"இந்தம்மாவைச் சேர்த்தாச்சான்னு நான் ரெண்டு வாரம் முன்னாடியே கேட்டேனே? ஏன்யா சேர்க்கல?"

குமாஸ்தா பதறாமல் ஒரு காகிதக் கட்டைப் பிரித்து, என் நோட்டீஸின் நகலை எடுத்து நீட்டினார். "நீங்க கேட்ட அன்னைக்கே சேர்த்துடலாம்னுதான் சார் இருந்தேன். வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு. பதினஞ்சு நாள் கெடு போட்டிருக்காங்க. வக்கீல் விவகாரம், நமக்கெதுக்கு வம்புன்னு நிறுத்தி வச்சேன்."

டாக்டர் அதை முழுக்கப் படித்தார். வயிற்றில் கட்டி சம்பந்தமாக, ஆஜராகி, ஆட்சேபணை. படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. அந்த அம்மாளிடம் திரும்பி, "உள்ள வாங்கம்மா" என்றார்.

கைநாட்டுக்கு விரலைப் பிடிக்க வந்த குமாஸ்தாவின் கையைத் தள்ளிவிட்டு அந்த அம்மாள் தானே வைத்தார். மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. கட்டி நாங்கள் கொடுத்த அவகாசத்தில் நன்றாக வளர்ந்திருந்தது. டாக்டர் கெட்டிக்காரர், அதனால் அந்த அம்மாள் பிழைத்தார்.

அடுத்த ஞாயிறு அறையைத் திறக்காமல், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போய், அங்கே போனதும் இருவரும் சாத்துக்குடியை உரிக்க உட்கார்ந்துவிட்டோம். அந்த அம்மாள்தான் பேசினார். பக்கத்துக் கட்டிலில் மருங்காபுரிப் பெண் ஒருத்தி, புருஷன் வந்து கையெழுத்துப் போடுவான் என்று நாலு நாளாகக் காத்திருக்கிறாளாம்.

"நான் சொல்லிட்டேங்க சாமி, உன் கையையே வச்சுடு, அது போதும்னு. காலையில வச்சுட்டா" என்றார். பிறகு நல்லது சொல்கிற முகத்தோடு, எங்களுக்கும் ஒரு தகவல் தெரிந்திருக்கட்டும் என்பதுபோல, "வக்கீலுங்ககிட்ட மட்டும் போயிடாத, உசுருக்கு ஆபத்துன்னும் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.