மூலை வெட்டிய பொங்கல் வாழ்த்து

எதையாவது பார்த்தால் பார்த்தோம் போனோம் என்று இருக்க எனக்குத் தெரியாது. இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று குடைந்து பார்க்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. உனக்கு எதுக்குடி இந்த ஆராய்ச்சி என்று அம்மா திட்டாத நாள் கிடையாது. அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

எழுபதுகளின் தொடக்கம். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அண்ணனுடைய தறிக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மார்கழி பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைகளில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பும் பானையும், மாடும் கன்றும், சாமிகளும் சினிமா நட்சத்திரங்களும் துணி காயப்போட்ட மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு அட்டை என்னைப் பிடித்துக்கொண்டது. மேல் தாளில் பானை வடிவத்தில் ஒரு ஓட்டை, உள் தாளில் பொங்கி வழிகிற பால். மூடினால் பானை பொங்கும். திறந்தால் பால் மட்டும் நிற்கும். படம் ஒன்றும் பிரமாதமில்லை, அந்த ஓட்டையின் விளிம்புதான் அதிசயம். கத்தரிக்கோல் பட்ட சுவடே இல்லை. பிளேடால் அறுத்திருந்தால் வளைவில் பிசிறு நின்றிருக்கும், அதுவும் இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், நகத்தால் வருடிப் பார்த்தேன். வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா மாட்டிட்டுப் போ என்றார் கடைக்காரர். மாட்டிவிட்டேன். பெரிய கடை! இதை நானே பண்ணிக் காட்டுகிறேன் பார் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பதில் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. புடவையில் பூவும் மயிலும் விழுவதற்காகத் தறிமேல் கோத்துத் தொங்கவிடுகிற கெட்டி அட்டைகளில் ஓட்டை போடுகிறவர் ஒருவர் அங்கே இருந்தார். உளியை வைத்து ஒரு தட்டு, வட்டமாக ஒரு பொட்டு கீழே விழும். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. அவர் வெட்டவில்லை, அடிக்கிறார். வட்டமான கூர்முனை இருந்தால் வட்டம் விழும். பானை மாதிரி வளைந்த கூர்முனை இருந்தால் பானை விழுந்துதானே ஆகவேண்டும்?

பால்டின் தகரத்தை நீளமாக நறுக்கிப் பானை மாதிரி வளைத்து அடித்தேன். அது நசுங்கிச் சப்பாத்தி ஆயிற்று. பிறகு நூல் மூட்டையைக் கட்டி வருகிற இரும்புப் பட்டை ஞாபகத்துக்கு வந்தது. அதன் ஒரு விளிம்பைத் துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கினேன். கல்லெல்லாம் துரு, வேட்டியெல்லாம் கறை என்று அண்ணன் கத்தினான். கத்தட்டும். தரையில் வைத்து அடித்தால் கூர் மழுங்கியது, பலகையில் வைத்து அடித்தால் அட்டை பாதி வெட்டுப்பட்டுப் பாதி கிழிந்தது. கடைசியில் ஒரு யோசனை வந்து, தேய்ந்துபோன ரப்பர் செருப்பை அட்டைக்கு அடியில் கொடுத்து, மரக் கொட்டாப்புளியால் ஒரே போடு போட்டேன். பானை தனியாக, அட்டை தனியாக வந்துவிட்டது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! வீட்டிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டு ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னேன். அண்ணன்கூடத் தறியைவிட்டு எழுந்து வந்து பார்த்தான்.

அதற்குப் பிறகு என் கை நிற்கவில்லை. மாங்காய்க்கு ஒரு பட்டை, இலைக்கு ஒரு பட்டை, அட்டையின் மூலைகளை வளைவாக வெட்ட ஒரு பட்டை. செருப்பின் ஜோடியையும் விடவில்லை. அதைத் துண்டு போட்டு, பிளேடால் செதுக்கி, மரக்கட்டையில் ஒட்டி முத்திரை பண்ணினேன். முதலில் செதுக்கியது ரேக்கு. எங்கள் ஊர்ப் புடவைக் கரையில் கோபுரம் கோபுரமாக வரிசை கட்டி நிற்குமே, அந்தக் கூர்முனைதான் ரேக்கு. மையில் தோய்த்து ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் குத்திக்கொண்டே போனால் காகிதத்தில் கரை ஓடும்.

இதற்கெல்லாம் எனக்குக் கூட்டு என் அண்ணி. அவள் தென்னேரிக்காரி. ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்து விவசாயம் பண்ணுகிற குடும்பம், வேறு ஆட்கள். நாங்கள் தறிக்காரர்கள். இரண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம் என்று அவளையும் குடைந்தேன், அண்ணனையும் குடைந்தேன். வாலாஜாபாத் பஸ் என்பதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. முருகன் கோயிலில் தாலி கட்டி அழைத்து வந்தான். அவள் அப்பா வரவில்லை. எனக்குப் பெண்ணே இல்லை, அந்த வீட்டு வாசலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். இங்க யாரு வெத்தலப்பாக்கு வெச்சு அழைச்சா என்று அம்மாவும் முறுக்கிக்கொண்டாள். அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காமலே எனக்கு அவர்மேல் ஆத்திரம்.

அந்த மார்கழியில் அண்ணிக்கு ஏழாம் மாதம். தாய்வீட்டிலிருந்து வந்து வளையல் போட்டுப் பிரசவத்துக்கு அழைத்துப் போகவேண்டும். யார் வரப்போகிறார்கள்? நானே பார்த்துக்கிறேன், எனக்குக் கை இல்லையா என்று அம்மா சொல்லிவிட்டாள். அண்ணி தலையாட்டினாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு தறிக்குழியில் இறங்க முடியாது என்பதால் அவளுக்கு அப்போது டிசைன் தாளில் கட்டம் அடைக்கிற வேலை. ஒருநாள் மத்தியானம் கட்டத்தை அடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் என்னிடம் சொன்னாள்.

"எங்கம்மா கையப் புடிச்சிக்கினு பெத்துக்கணும்னு இருக்குதும்மா. நைனா விடமாட்டாரு."

சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

இந்தக் கட்டம் அடைக்கிறதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். புடவையில் வரவேண்டிய பூவை அண்ணன் முதலில் பொடிக் கட்டம் போட்ட கிராஃப் பேப்பரில் கோடாக வரைவான். எந்தெந்தக் கட்டத்தில் ஜரிகை மேலே தெரியவேண்டுமோ அந்தக் கட்டத்தையெல்லாம் கறுப்பு மையால் அடைக்கவேண்டும். அடைத்த இடம் தங்கம், அடைக்காத இடம் பட்டு. தாளைத் தூரத்தில் பிடித்து, இந்த இடத்துல ஜரிகை ஜாஸ்தியா இருக்குதே, குறை என்று பேசிக்கொள்வோம். நான் பிறந்ததிலிருந்து அந்தப் பேச்சுதான். எங்கள் வீட்டில் காகிதத்தில் கறுப்பைப் பார்த்தால் யாருக்கும் கறுப்பாகத் தெரியாது. வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் அண்ணிக்கும் அப்படி ஆகிவிட்டது.

அவள் அப்பாவுக்கு ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்பலாம் என்பது என் யோசனை. கடிதம் எழுதினால் கிழித்துப் போடுவார். அவருக்கும் சரி, அவள் அம்மாவுக்கும் சரி, படிக்கவும் தெரியாது. வாழ்த்தில் படிக்க என்ன இருக்கிறது, படம் பேசிவிடுமே! அண்ணி முதலில் வேண்டாம் என்றாள். மறுநாள் காலையில் அவளே மை பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அதுமாதிரி ஒரு அட்டை நான் பிறகு பண்ணவே இல்லை. கெட்டியான வெள்ளை அட்டையை இரண்டாக மடித்து, மேல் தாளில் பானையை அடித்து எடுத்தேன். பானைக்குள் என்ன தெரியவேண்டும் என்று அண்ணியைக் கேட்டேன். அவள் தன் கையிலிருந்த ஒரு கண்ணாடி வளையலைக் கழற்றி, விளிம்பை மையில் தோய்த்து, உள் தாள் முழுக்க ஒன்றின்மேல் ஒன்றாக வட்டம் வட்டமாகப் பதித்தாள். எங்கள் கண்ணுக்கு அது ஜரிகை வளையல். தன் அம்மா பார்த்தால் புரிந்துகொள்வாள் என்றாள். நான் நாலு மூலையையும் வளைவாக வெட்டிவிட்டு, சுற்றிலும் கெட்டியாக ரேக்குக் கரை குத்தினேன். எல்லாம் கட்டம் அடைக்கிற அதே மை. அண்ணி தள்ளி நின்று பார்த்து, ஜரிகைய அள்ளிக் கொட்டினாப்புல இருக்குது என்று சிரித்தாள். அண்ணனும் நல்லாருக்கு என்றான்.

அம்மா மட்டும் மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவு என்றாள். மூலை எங்கம்மா இருக்குது, வெட்டிட்டேனே என்றேன். கடையில் விற்கிற வாழ்த்தில் மஞ்சளா தடவியிருக்கு, எல்லாத்தையும் பட்டிக்காடாக்காதே என்று வேறு சொன்னேன். வாயைப் பாரு என்று அம்மா கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுபோய்விட்டாள். அண்ணன் விலாசம் எழுதி, கவரை ஒட்டாமல் புக் போஸ்டில் போட்டுவிட்டு வந்தான்.

அதன்பிறகு தினமும் தபால்காரர் மணி கேட்டால் அண்ணியின் தூரிகை நிற்கும். மணி தாண்டிப் போனதும் மறுபடி ஓடும். போகிக்கு முந்தின நாள்வரை ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் நான் வாசற்படியில் உட்கார்ந்து தோழிகளுக்கு அட்டை அடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் தறிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. கிழக்கேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. மேலே சட்டை இல்லை, துண்டு மட்டும். வீடு வீடாக நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் எதிரே நின்றார்.

"இந்தத் தெருவுல சாவு எந்த வூட்லம்மா?"

சாவா, இங்கே ஒன்றும் இல்லையே என்றேன். அவர் நம்பவில்லை. மேளச் சத்தமும் காணோம், கூட்டமும் காணோம், எடுத்துட்டாங்களா என்று கேட்டார். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். என் குணம் விடுமா? யாருங்க செத்தது, உங்களுக்கு யாரு சொன்னாங்க என்று துருவினேன். அவர் மடியிலிருந்து ஒரு கவரை எடுத்து, உள்ளே இருந்ததைப் பாதி உருவிக் காட்டினார். என் அட்டை.

இது நான் பண்ணினதாச்சே என்று வாய்வரை வந்துவிட்டது, பெருமையாகத்தான். அடுத்த நொடி அவர் கையிலிருந்த அந்தக் கறுப்புக் கரையைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அது எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது. சுற்றிலும் கறுப்புக் கட்டி, மஞ்சள் இல்லாமல் வருகிற காகிதம் என்ன காகிதம்? சாவுக் காகிதம். படிக்கத் தெரியாதவனுக்கும் அது தெரியும். வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கிழித்துப் போடுகிற காகிதம். பொங்கல் நெரிசலில் தாமதமாகி அன்றைக்குத்தான் வந்திருக்கிறது. தபால்காரர் வயலிலேயே அதை அவர் கையில் கொடுத்து, காஞ்சிபுரத்திலிருந்து வந்திருக்குது என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துவிட்டாராம். காஞ்சிபுரத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அதுவும் பிள்ளைத்தாச்சி. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல் வரப்பிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். எங்கள் தெருப் பெயர் மட்டும் முன்பு ஆள் அனுப்பியபோதே அவருக்குத் தெரியும்.

அண்ணி, அண்ணி என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். விரலெல்லாம் மையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னம்மா என்று அவள் வாசலுக்கு வந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். பார்த்தபடியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார முடியாமல் குனிந்து நின்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். நைனா, நைனா என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை. எதிர்வீட்டுத் தறி நின்றது. பிறகு எல்லாத் தறியும் நின்றது.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் எல்லாருக்கும் அவர் சொல்லியனுப்பியது ஞாபகம் இருந்தது, அவருக்கும் இருந்திருக்கும். வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று சொம்பை நீட்டினார்.

அப்புறம்தான் விசாரணை. ஏம்மா கறுப்புல போட்டீங்க என்று கேட்டார். அது கறுப்பு இல்லீங்க, ஜரிகை என்றான் அண்ணன். பெரியவர் அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தார். அண்ணன் அவரை உள்ளே அழைத்துப்போய், அண்ணி அடைத்துக்கொண்டிருந்த தாளைக் காட்டி, பிறகு தறியில் ஓடிக்கொண்டிருந்த கரையைக் காட்டினான். தாளில் கறுப்பாக நின்ற அதே ரேக்கு அங்கே தகதகவென்று நின்றது. அவர் தாளைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு கரையைத் தொட்டுப் பார்த்தார். இந்தக் கட்டம்தான் இங்க வருதா, எப்படி வருது என்று கேட்டார். அட, நம்ம ஜாதி ஆள் என்று எனக்குத் தோன்றியது. அதற்குமேல் அவரிடம் எனக்கு ஆத்திரம் நிற்கவில்லை.

அட்டையை அவர் அதுவரை திறக்கவே இல்லை. அண்ணிதான் வாங்கித் திறந்து காட்டினாள். வட்டம் வட்டமாக இருக்கிறதே, இது என்னாது என்றார்.

"வளையல், நைனா."

ஒரு வட்டத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். போகி கழிந்து, பொங்கல் வைத்த மறுநாள் உங்கம்மா வளையல் எடுத்துக்கினு வருவா, உன்னைக் கூட்டிக்கினு போவோம் என்றார். சொல்லும்போது அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார்.

கிளம்பும்போது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். கறுப்புக் காகிதத்தை வீட்டுக்குள் எப்படி எடுத்துப் போவது? அம்மா மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். மூலை இல்லாத இடத்தில், வளைவு வளைவாக நாலு பக்கமும் அண்ணியே தடவிக் கொடுத்தாள். அம்மாவுக்கு அப்போதும் ஆறவில்லை. அன்னிக்கே மஞ்ச வையின்னு தலையில அடிச்சிக்கினேன், இவ கேட்டாளா, உங்கள என்ன பாடு படுத்திட்டா பாருங்க என்று என்னைக் காட்டினாள்.

பெரியவர் அட்டையை மடியில் செருகிக்கொண்டு சொன்னார்.

"திட்டாதீங்கம்மா. மஞ்ச வெச்சிருந்தா பொங்கல் வாழ்த்துன்னு கூரையில சொருவிட்டு இருந்திருப்பேன். நான் எங்க வந்திருக்கப்போறேன்?"