கடல் பாக்கப் போனதுக்கு ஒரு கேதம்

எங்க தெருவுல ஒருத்தி ராமேஸ்வரம் போறேன்னு சொன்னா, "எப்ப வருவ"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. "யாருக்கு?"ன்னுதான் கேப்பாங்க. செத்தவங்களுக்குத் திதி குடுக்கற ஊரு அது, எங்க சனத்துக்கு. குடும்பத்தோட வேன் பிடிச்சுப் போவாங்க. மொட்டை போட்டுட்டு, முங்கிட்டு, வழி பூரா வாந்தி எடுத்துக்கிட்டே வந்து சேருவாங்க. அங்க கடல்னு ஒண்ணு கெடக்கே, அது எப்படி இருந்துச்சுன்னு வந்து சொன்ன ஆளு ஒண்ணைக்கூட நான் பாத்ததில்ல.

நான் போனது கடலப் பாக்கத்தான். அன்னைக்கும் அதத்தான் சொன்னேன், இன்னைக்கும் அதத்தான் சொல்றேன்.

என்னையப் பத்திக் கொஞ்சம் சொல்லிர்றேன். வயசு நாப்பத்திரண்டு. சாணார்பட்டி பக்கம் ஒரு கிராமம். ஸ்பின்னிங் மில்லுல வேலை. என்னையக் கட்டுன ஆளு பதினோரு வருசத்துக்கு முன்னாடி திருப்பூருக்குப் போறேன்னு போனவரு, அங்கயே இன்னொரு குடும்பம் வச்சுக்கிட்டாரு. அன்னையிலருந்து நான் அண்ணன் வீட்டுல இருக்கேன். கல்யாணம் காச்சின்னா முன் வரிசைக்குக் கூப்பிட மாட்டாங்க, எழவு விழுந்த கேத வீடுன்னா மொத ஆளாக் கூப்பிடுவாங்க. தாலிப் பவுனு எப்பவோ போயிருச்சு. கழுத்துல கெடந்தது ஒரு மஞ்சக் கயிறு, அதுல கோத்த ஒரு மஞ்சக் கிழங்கு. மில்லுல கழுத்துல மாட்டுற அட்டை மாதிரி அதையும் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கள்ல.

மில்லுல சாப்பாட்டு ரூம்ல ஒரு டிவி இருக்கு. அதுல ஒருநா பாம்பன் புதுப் பாலத்தக் காட்டுனாங்க. நடுவுல அப்படியே மேல தூக்கிக் குடுக்குது, கீழ கப்பல் போகுது. பாலத்த விட எனக்கு அந்தத் தண்ணிதான் கண்ணுலயே நின்னுச்சு. நாப்பத்திரண்டு வருசத்துல நான் பாத்த பெரிய தண்ணி வைகை டேம்தான். அதுவும் பாதி வத்திக் கெடந்தப்ப.

மெசினு வேலைன்னு மில்லுக்கு ரெண்டு நாள் லீவு விட்டாங்க. அண்ணங்கிட்டச் சொன்னேன்.

"கடலா? எதுக்கு?"

"பாக்கத்தான்."

"யாரு கூட?"

"நான் மட்டும்தான்."

அண்ணன் சாப்பிட்டுக்கிட்டு இருந்த தட்டத் தள்ளி வச்சாரு. "தனியாப் போனீன்னா, திரும்பி வரும்போது உன் பெட்டி தெருவுல கெடக்கும், பாத்துக்க."

அண்ணன் சொல்லிட்டா மதினி அதுக்கு மேல பேசுறதில்ல. எனக்கும் பயந்தான், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த வீட்ட விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல. ஆனா ஒரு நாள் கடலப் பாக்கறதுக்குக்கூட ஆள் துணை வேணும்னா, நான் அந்த வீட்டுல இருந்தா என்ன, தெருவுல கெடந்தா என்ன. புளிச்சோத்தக் கிண்டி டப்பாவுல அடைச்சேன். ரெண்டு பாட்டில் தண்ணி. சாயங்காலம் டவுன் பஸ்ஸுல, பொம்பளைக்குக் காசில்லாத பஸ்ஸுல, திண்டுக்கல் போயி, அங்கருந்து மதுரை போயி, ராத்திரி ராமேஸ்வரம் பஸ்ஸப் பிடிச்சுட்டேன்.

எறங்குனப்ப லேசா வெளுத்துக்கிட்டு இருந்துச்சு. கோயிலுக்கு எதுத்தாப்ல இருக்கற கடல்ல சனம் முங்கிக்கிட்டு இருக்கு. நான் படியில நின்னு பாக்கறேன், அந்தக் கடைசி தெரியல. அம்புட்டுத் தண்ணிய ஒரே எடத்துல பாத்ததும் எனக்கு ஏன்னே தெரியாம சிரிப்பு வந்துருச்சு. அந்நேரத்துக்கு ஒருத்தரு பக்கத்துல வந்தாரு, தோள்ல துண்டு, கையில தர்ப்பை.

"யாருக்கும்மா? அப்பாவுக்கா, அம்மாவுக்கா?"

"யாருக்கும் இல்லைங்க."

அவரு என் கழுத்தப் பாத்தாரு, நெத்தியப் பாத்தாரு. "வீட்டுக்காரரு எங்க?"

"திருப்பூர்ல."

"அப்ப யாரு கூட வந்திருக்கீங்க?"

"என் கூடத்தான் வந்திருக்கேன்" னேன். அவரு ஒரு மாதிரியாப் பாத்துட்டு அடுத்த ஆளப் பிடிக்கப் போயிட்டாரு. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இதே கேள்விய டீக்கடைக்காரரு கேட்டாரு, செருப்பு வாங்கி வைக்கறவரு கேட்டாரு, பஸ் கண்டக்டரு கேட்டாரு. ஒத்தையா ஒரு பொம்பள நிக்கக் கூடாது போல இந்த நாட்டுல, நின்னா பக்கத்துல ஒரு ஆளையாவது பொணத்தையாவது காட்டணும்.

கோயிலுக்குள்ள போயி அந்த நீளமான பிராகாரத்துல ஒரு முழுச் சுத்து நடந்தேன். மில்லுல எட்டு மணி நேரம் நடக்கறவளுக்கு அது ஒண்ணும் பெருசில்ல. ஆனா அங்க ஓடிப்போயி அறுந்த நூல முடிய வேண்டியதில்ல, சூப்பர்வைசர் இல்ல. தூணு தூணாத் தொட்டுப் பாத்துக்கிட்டே நடந்தேன்.

அப்புறம் தனுஷ்கோடி பஸ். ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல ஒரு ரோடு. ரோடு முடியற எடத்துல எறக்கி விட்டாங்க. அங்க ஒரு அக்கா கூரைக் கடையில மீன் பொரிச்சுக்கிட்டு இருந்துச்சு. "இந்தப் பக்கம் அடங்கிக் கெடக்கே, அது பொம்பளைக் கடலு. அந்தப் பக்கம் குதிக்குதுல்ல, அது ஆம்பளைக் கடலு" ன்னு சொல்லுச்சு. எல்லாரும் வரிசையா அந்த அடங்குன பக்கம் கால் நனைச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் குதிக்கற பக்கம் போயி நின்னேன்.

கணுக்காலு வரைக்கும்தான் நின்னேன். ஒரு அலை வந்துச்சு பாருங்க, செவுட்டுல அறைஞ்ச மாதிரி, தலையோட நனைச்சுட்டுப் போயிருச்சு. கொண்டை அவுந்துருச்சு. நெத்தியில ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு போன எடம் தெரியல. வாயெல்லாம் உப்பு. பதினோரு வருசமா நான் அப்படிச் சிரிச்சதில்ல. அந்த அக்காகிட்ட ஃபோனக் குடுத்து ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கச் சொன்னேன். அது என் சிரிப்பு அடங்குனதுக்கப்புறம்தான் பட்டனத் தட்டுச்சு. உப்புத் தண்ணி எரிச்சல்ல கண்ணு வேற செவந்திருந்துச்சு. எனக்குப் பின்னாடி மொட்டை போட்ட குடும்பம் ஒண்ணு வரிசையா நின்னது நான் கவனிக்கல.

அந்தப் போட்டோவ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சேன். 'ராமேஸ்வரம்'னு எழுதி, கோயில் ஊராச்சேன்னு ஒரு கும்பிடுற கையையும் போட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு. எங்க ஊர்ல யாரு செத்தாலும் போட்டோவுக்குக் கீழ அந்தக் கையத்தான் போடுவாங்க. எனக்கு அது அப்ப நெனப்புலயே இல்ல. மீன் சூடா இருந்துச்சு, புளிச்சோத்துக்கு அதான் வெஞ்சனம். திதி குடுக்கற ஊர்ல உக்காந்து மீன் தின்னேன்னு தெரிஞ்சா தெருவே என்னைய மென்னு தின்னுரும்னு நெனச்சுக்கிட்டு இன்னொரு துண்டு வாங்கித் தின்னேன்.

சாயங்காலம் பஸ் ஏறுனப்ப அண்ணன் பதினாலு தடவை கூப்பிட்டிருந்தாரு. திட்டத்தான் கூப்பிடுறாருன்னு நான் எடுக்கல. வீட்டுக்குப் போயித்தான் வாங்கணும், அத எதுக்கு முன்கூட்டியே வாங்கணும். மானாமதுரை தாண்டி ஒரு புது நம்பர் வந்துச்சு. ஷிஃப்ட் மாத்தச் சொல்லி மில்லுல இருந்து கூப்பிடுறாங்கன்னு எடுத்தேன்.

"என்னைய சாகடிச்சுட்டியாமே?"

கொரல் மாறவே இல்ல. பதினோரு வருசம் கழிச்சு வந்த மொத வார்த்தை அது.

"யாரு சொன்னது?"

"உங்க தெருவுலருந்து எங்க சித்தப்பாவுக்குப் ஃபோன் போயிருக்கு. ராமேஸ்வரத்துல எனக்குத் திதி குடுத்துட்டியாம், பொட்ட அழிச்சுட்டியாம். ஊரே போட்டோவப் பாத்திருக்கு."

அப்புறம் அந்தப் போட்டோவ எடுத்து நானே பாத்தேன். ஈரத் தலை, வெறும் நெத்தி, செவந்த கண்ணு, பின்னாடி மொட்டைங்க, கீழ கும்பிடுற கை. தெருவச் சொல்லிக் குத்தமில்ல. நானே பாத்திருந்தா நானே அழுதிருப்பேன்.

"நான் உசுரோட இருக்கேன்னு உங்க அண்ணங்கிட்டச் சொல்லிரு" ன்னாரு.

"அது உங்க உசுரு. நீங்க சொல்லுங்க" ன்னு வச்சுட்டேன்.

அவரு சித்தப்பாவும் சொல்லலை, அவரும் சொல்லலை. எப்படிச் சொல்லுவாரு, அண்ணனுக்குப் ஃபோன் பண்ணத் தைரியம் இருந்தா பதினோரு வருசத்துக்கு முன்னாடியே பண்ணியிருப்பாரு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல விடியற வரைக்கும் உக்காந்திருந்து, மொத டவுன் பஸ்ஸுல ஊருக்கு வந்தேன். உப்பு காஞ்சு உடம்பெல்லாம் வெறைச்சுக் கெடந்துச்சு. கழுத்துக் கயிறு கம்பி மாதிரி ஆகி வழி பூரா அரிச்சு எடுத்துருச்சு. சொறிஞ்ச எடம் செவந்து போச்சு.

வாசல்ல பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தாங்க. ஆம்பளைங்க துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு வரக்காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னையப் பாத்ததும் உள்ளருந்து பொம்பளைங்க ஓடி வந்து, கட்டிப் பிடிச்சு, கொரல எடுத்து அழ ஆரம்பிச்சாங்க. எதுத்த வீட்டுச் சின்னம்மா என் கழுத்தக் கட்டிக்கிட்டு அந்தாளு கொணத்த எல்லாம் பாட்டாச் சொல்லுது. தங்கம்ங்குது, தேருங்குது. உசுரோட இருந்தப்ப இதே சின்னம்மாதான் அந்தாளக் களவாணிப்பயன்னு தெருவுல நின்னு திட்டும். செத்த நேரம் அழ விட்டேன். மூச்சு வாங்கறதுக்கு நிறுத்துனாங்க, அப்பச் சொன்னேன்.

"யாரும் சாகலை. அந்தாளு நேத்து எனக்குப் ஃபோன் பண்ணாரு. நான் கடல் பாக்கத்தான் போனேன்."

அழுகை பொசுக்குன்னு நின்னுபோச்சு. ஒருத்தரு காப்பி டம்ளர அப்படியே கீழ வச்சாரு. அடுத்து வந்த பேச்சு என்ன தெரியுமா? கேத வீட்டுக்கு வந்துட்டுக் குளிக்காம வீட்டுக்குள்ள போகக் கூடாதே, இப்பக் குளிக்கணுமா வேணாமாங்கறதுதான். குளிச்சா உசுரோட இருக்கற ஆளுக்கு ஆகாது, குளிக்காட்டி வீட்டுக்கு ஆகாது. கால் மணி நேரம் அதப் பேசுனாங்க. நான் நின்னுக்கிட்டே இருக்கேன், சாப்பிட்டியான்னு கேக்க ஒரு நாதியில்ல.

கடைசியில சின்னம்மாதான் முடிவு சொல்லுச்சு. உசுரோட இருக்கறவனுக்கு அழுதாச்சு, அது அவன் ஆயுசுக்குக் கேடு, இவ இப்பவே சாமி படத்துக்கு முன்னாடி நின்னு புதுக் கயிறு மாத்திக்கிட்டு, பொட்டு வச்சு, எல்லாருகிட்டயும் மன்னிப்புக் கேட்டாச் சரியாப் போகும்னுச்சு. மதினி உள்ள போயி புது மஞ்சக் கயிறு எடுத்துட்டு வந்து என் முன்னாடி நீட்டுனா. மதினி மொகத்துல கோவம் இல்ல. வாங்கிக் கட்டிக்க, முடிஞ்சு போகட்டும்னு கண்ணாலயே கெஞ்சுனா.

நான் கைய நீட்டல.

"அவருக்கு ஆயுசு வேணும்னா அவரோட குடும்பம் நடத்துறவ மாத்தட்டும் கயித்த. நான் எதுக்கு மாத்தணும்?"

அண்ணன் எந்திரிச்சாரு. "கட்டு. இல்லையா, பெட்டிய எடுத்துக்கிட்டு நட. நான் சொன்னது சொன்னதுதான்."

தெருவே பாத்துக்கிட்டு இருக்கு. என் காலு முந்தின நாள் அந்தக் குதிக்கற பக்கத்துல நின்ன காலு, விழாது.

"அண்ணே, பின்னாடி நான் படுக்கற ரூமுக்குத் தகரம் போட்டது என் மில்லுச் சம்பளம். பெட்டி அங்கதான் கட்டிலுக்குக் கீழ இருக்கு. நீங்கதான வைக்கறேன்னு சொன்னீங்க, நீங்களே தூக்கிட்டு வந்து தெருவுல வைங்க. நான் எடுக்க மாட்டேன், கயித்தயும் கட்ட மாட்டேன்."

அண்ணன் நெலப்படி வரைக்கும் போனாரு. அங்க மதினி நின்னுக்கிட்டு இருந்தா, கையில அந்தக் கயித்தோட. வழி விடல. அப்படியே நின்னா. அண்ணன் அவளையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு, துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டுத் தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனாங்க. குளிச்சாங்களா இல்லையான்னு நான் கேட்டுக்கல.

நான் குளிச்சேன், உப்பு போறதுக்கு. கழுத்துல சோப்புப் பட்டதும் எரிஞ்சுச்சு. ஈரத்துல அந்த முடிச்சு லேசுல அவுறல, நகத்த விட்டு நெம்பித்தான் அவுத்தேன். அவுத்து, கழுவி, கொடியில துணியோட துணியாக் காயப் போட்டேன். மதினி பாத்தா. தட்ட எடுத்து வச்சுச் சோத்தப் போட்டா.

மறுநா காலையில மில் வேன் வந்துச்சு. ஏறுனேன். எங்க செட்டுல இருக்கற பொண்ணு ஒருத்தி என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு மெதுவாக் கேட்டா, "என்னக்கா, கழுத்து வெறுமனே இருக்கு?"

"அரிச்சுச்சு, கழட்டிட்டேன்" ன்னு சொல்லிட்டு, சன்னலோரமாப் போயி உக்காந்தேன்.