சிசிலியின் மகளுக்குச் சொன்ன பதில்

றோசலினுக்குக் களைப்பு. பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேல் பகுதியில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் கொம்பனியை ஒற்றை ஆளாக வளர்த்தெடுத்தபோதுகூட இப்படிக் களைத்ததில்லை. புதுத் தொழில் தொடங்கும் இளசுகளுக்கு முதல் போட ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பாடு. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால் போதும், யாராவது ஒரு பிள்ளை தன் திட்டத்தைக் காட்டக் கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கும்.

அவள் கேட்கும் முதல் கேள்வி, "நீர் ஆரின்ரை பிள்ளை?" தகப்பனுக்கு மன்னார் ஊர், தாய் நல்ல மனுசி என்றால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். செய்கிற பொருளை யார் வாங்குவார்கள் என்று கேட்க வாய் வராது. அப்படித்தான் பழகிய வீட்டுப் பையன் அனுஜனுக்குப் போட்டாள். அவன் கொம்பனி படுத்துவிட்டது. போன காசைப் பற்றி அவள் மூச்சும் விடவில்லை. ஆனாலும் அவனுடைய தாய்தகப்பன் அவள் முகத்தில் முழிக்கக் கூசி, பிரெஞ்சுப் பூசைக்கு மாறிப் போய்விட்டார்கள். பிள்ளைகளைச் சேர்ந்து வளர்த்த பழக்கம் அதோடு சரி. அது அவளுக்கு இன்னும் வலிக்கிறது.

இன்று அவளுடைய அலுவலகத்தில் எதிரே இருப்பவள் சர்மிளா, உயிர்த்தோழி சிசிலியின் மகள்.

"அன்ரி, அம்மாவை மறந்திட்டு இதைப் பாருங்கோ."

பார்த்தாள். கார்டெரி எனும் பிள்ளைகள் காப்பகத்தில் குழந்தைகளைப் பார்க்கும் ஒருத்தி காலையில் சுகமில்லை என்று நின்றுவிட்டால், உடனே மாற்று ஆள் பிடித்துக் கொடுக்கும் செயலி.

"ஆர் பாவிக்கினம்?"

"இஞ்சத்தைக் கார்டெரிக்காரர். முதல்லை சும்மா குடுத்தன். பேந்து காசு எண்டன். ஒருத்தரும் விட்டிட்டுப் போகேல்லை."

றோசலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்வியை இத்தனை காலம் யாரிடமும் கேட்காமல் விட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. வெளியே போய்ச் சிசிலிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சர்மிளாவுக்குப் போடப் போறன். நல்ல சாமான். ஆனா நல்லதெண்டாலும் விழும். விழுந்தா நீ என்னோடை கதைப்பியோ?"

சிசிலி குரலைத் தாழ்த்தினாள்.

"போடாதை, றோசலின். அவளுக்குக் குடுக்க வேறை ஆக்கள் வருவினம். உன்னை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்? நான் சொன்னதெண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை."

றோசலின் உள்ளே வந்து கதிரையில் சாய்ந்தாள். பேசவே அலுப்பாக இருந்தது.

"இல்லை, பிள்ளை. இப்ப போடேலாது."

"இதிலை என்ன பிழை, அன்ரி?"

பிழை ஒன்றுமில்லை என்றால், பிறகேன் போடவில்லை என்று கேட்பாள்; சிசிலி சொன்னதைச் சொல்ல வேண்டி வரும்.

"இன்னும் சரியா வரேல்லை," என்றாள் மேசையைப் பார்த்துக்கொண்டு.

சர்மிளா குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டாள். முகத்தில் கோபமில்லை.

"மெர்சி, அன்ரி. எங்கை பிழையெண்டு திரும்ப முதல்லையிருந்து தேடிப் பாக்கிறன்."