அன்வரும் குளோவர் அந்துப்பூச்சியும்

வெள்ளிக்கிழமை காலை அன்வரின் மகள் போன் செய்தாள். "அத்தா மௌத்தாயிட்டாங்க அங்கிள்" என்றாள். அன்வர் போய்விட்டார். பல் தேய்க்கப் போன நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நம் பள்ளியில் தாவரவியல் எடுத்தார், நான் விலங்கியல். பதினெட்டு வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கம். உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். செடியைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துப் படம் வரைந்தவன் நோட்டில் "பூவைப் பார்த்தியா, இல்லையா?" என்று சிவப்பு மையில் எழுதுவாரே, மறந்திருக்க மாட்டீர்கள். சாயங்காலங்களில் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து உப்பளத்து வரப்பெல்லாம் சுற்றியிருக்கிறேன். உப்பு மண்ணில் முளைக்கும் உமரிச் செடியைப் பார்த்தால் அவர் வண்டியை நிறுத்துவார். டீக்கடையைப் பார்த்தால் நான் நிறுத்தச் சொல்வேன். வீடு போய்ச் சேர இருட்டிவிடும்.

சுனாமியில் ஓடை வழியாக ஏறிய கடல் தண்ணீர் பக்கத்து ஊர்த் தனலட்சுமியின் அரைக் காணி நிலத்தை உப்பாக்கிவிட்டது. இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைத்தவர் அவர். உப்பு நிலத்திலும் வரும் என்று யாரோ தொண்டு நிறுவனத்தார் குளோவர் விதை கொடுத்தார்கள். குதிரைமசாலுக்குப் பங்காளி மாதிரி ஒரு தீவனம். மும்மூன்று இலை, மஞ்சள் பூ. 2005 மழை ஓய்ந்ததும் விதைத்தார், பச்சைப்பசேலென்று வந்தது. தை மாதம் பூத்தபோது பூவுக்குள் சின்னப் புழு, மேலே அரிசி அளவு அந்துப்பூச்சி. சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைகள், நிலக்கடலைதான். "சுருள் பூச்சியா இருந்தா எங்க மல்லாட்டை பூரா போயிடும். புடுங்கிப் போடு" என்றார்கள் பக்கத்துக் கொல்லைக்காரர்கள். தனலட்சுமி நேராக எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். "நீங்க பார்த்துச் சொல்லுங்க பாய் சார். இது போச்சுன்னா மாடு இன்னாத்த தின்னும்?"

பொழுது சாயும் நேரத்தில் நாலைந்து பூச்சிகளைப் பிடித்துப் பாட்டிலில் போட்டோம். ஈரம் படக்கூடாதென்று அடியில் ஒரு பிடி உப்பைப் போட்டு, அதன் மேல் பஞ்சை வைத்தேன். போட்டது நான். உப்பு ஊரில் பிறந்தவன் புத்தி வேறு எப்படி இருக்கும்? கருவாட்டுக்குச் செய்வதைப் பூச்சிக்கும் செய்தேன். சுத்தம் செய்யாத அளத்து உப்பு கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்துவிட்டது. மூன்றாம் நாள் பார்த்தால், இறக்கைச் செதிலெல்லாம் பஞ்சில் ஒட்டிக்கொண்டு, பூச்சிகள் அழுக்குச் சாம்பலாகக் கிடந்தன. சுருள் பூச்சியும் சாம்பல் நிறம்தான். அன்வர் லென்ஸில் பார்த்துவிட்டு "அதுதான் போலிருக்கு" என்றார். நானும் தலையாட்டினேன். தனலட்சுமி மறுபேச்சு இல்லாமல் பாதிக் கொல்லையைப் பிடுங்கிப் போட்டார்.

அன்வருக்கு மனசு கேட்கவில்லை. "சுருள் பூச்சின்னா புழு இலையத்தானே சுருட்டணும்? இது ஏன் சார் பூவுக்குள்ள உக்காந்திருக்குது?" என்றார். முதல் நாளே அதைக் கேட்டிருக்க வேண்டிய விலங்கியல் வாத்தியார் நான். மீதிக் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர்களிடம் பத்து நாள் அவகாசம் கெஞ்சி வாங்கினார். பூக்கொத்துகளைக் கண்ணாடி டம்ளரில் மூடி வைத்தார். இன்னொரு டம்ளரில் மல்லாட்டை இலையை மட்டும் வைத்துச் சில புழுக்களை விட்டார். அவை இலையைத் தொடாமல் பட்டினி கிடந்தே செத்தன. பூவில் இருந்தவை முதுகில் ஒரு சின்ன உறையைச் சுமந்துகொண்டு விதையைத் தின்றன. எட்டாம் நாள் ஒரு உறையிலிருந்து அந்து வெளியே வந்தது. துலக்கிய பித்தளை போல, பச்சையும் பொன்னுமாக மின்னியது. உணர்கொம்பின் அடி தடித்து, நுனி வெள்ளை. புத்தகத்தைப் புரட்டினோம். குளோவர் விதையைத் தின்னும் பூச்சி, விதை மூட்டையோடு வந்திருக்கும். வேறு பயிரில் அதற்கு வேலையில்லை.

அன்றைக்கே தனலட்சுமியின் ஊருக்குப் போனோம். கோயில் வாசலில் கூடியவர்களிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு அன்வர் சொன்னார்: "இது உங்க மல்லாட்டைய தொடாதுங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன். உப்பு போட்டுப் பூச்சியக் கெடுத்ததும் நான்தான். இந்தம்மா பாதிக் கொல்லை என்னாலதான் போச்சு."

அந்த ஊரில் எனக்குப் பெண் கொடுத்த மாமனார் கூட்டத்தில் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது, என் பேரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "லென்ஸ் என் கையில இருந்துச்சு சார்" என்றார். அந்தக் கோடை முழுக்கப் பள்ளி மைதானத்துப் புல்லை அறுத்து, பைக்கின் பின்னால் கட்டி, தனலட்சுமியின் மாடுகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டார். சீட்டில் புல்லுக்கட்டு இருந்ததால் எனக்கு இடமில்லை. நான் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

அடக்கத்தன்று தனலட்சுமி வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. "தப்பு பண்ணா மறைக்காத மனுஷன் சார்" என்று அழுதார். அந்த உப்பைப் போட்டது நான் என்று அவரிடம் சொன்னேன். "இப்ப சொல்றீங்களே சார், அவரு காதுல விழாத நேரத்துல" என்றார்.

இத்தனை வருடம் அன்வர் பேரில் இருந்த அந்தத் தப்பை இப்போது நான் வாங்கிக்கொண்டேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.