பச்சை வாங்கும் அட்டை

பஸ் நிறுத்தத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. உப்பளத்து வேலை முடிந்து ரோட்டோரம் நிற்கும் பெண்களில், வருகிற பஸ்ஸின் நெற்றியைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இரண்டாம் வகுப்போடு நின்றவள். பேப்பர் படிக்க வராது. ஆனால் திண்டிவனம், புதுச்சேரி, வானூர் என்று ஊர்ப்பெயர்களை மட்டும் தெரிந்த மனுஷர் முகத்தைப் பார்த்த மாதிரி சொல்லிவிடுவேன்.

என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி பெண்சாதி, என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்பாள்.

"அக்கா, இது பாண்டி போவுதா?"

உடனே சொல்ல மாட்டேன். பஸ் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வரட்டும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் சொல்வேன்.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற சின்ன வயசு டீச்சரே எங்களுக்கும் எடுத்தாள். எனக்குத்தான் படிக்கத் தெரியுமே, எதற்குப் போக வேண்டும் என்று இருந்தேன். ஓரகத்தி போகிறாள் என்று தெரிந்ததும் நானும் கிளம்பிவிட்டேன்.

அந்த டீச்சர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு டிவி. ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள். அட்டையின் நடுவில் கறுப்புக் கட்டம் கட்டமாக ஏதோ கோலம். நாலு ஓரத்திலும் பொடியாக அ, ஆ, இ, ஈ என்று எழுத்து. டிவியில் நண்டு படம் வரும், கீழே அ, ஆ, இ, ஈ என்று எழுத்துப் போட்டு நாலு சொல் வரும். எது நண்டோ, அந்தச் சொல்லுக்குரிய எழுத்து மேலே இருக்கும்படி அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். டீச்சர் தன் போனை எங்கள் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். அவ்வளவுதான், டிவியில் எங்கள் பெயரெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். சரியாகப் பிடித்தவர் பெயர் பச்சையாகும், தப்பாகப் பிடித்தவர் பெயர் சிவப்பாகும்.

நல்ல விளையாட்டுத்தான். தூங்கி வழிகிற கிழவிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் ஓரகத்தியின் பெயர் தினமும் பச்சை. என் பெயர் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து கிடந்தது. என் மூக்குக்கண்ணாடி சரியில்லை என்று நினைத்தேன். டீச்சருக்கு அவள் மேல் பிரியம் என்று நினைத்தேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவள் தானாகவே, "புதுச்சேரிதான்க்கா, வா ஏறலாம்" என்று படியில் கால் வைத்தாள். கேட்கவே இல்லை. அன்றைக்கு வயிறு எரிந்தது கொஞ்சநஞ்சமல்ல.

யோசித்துப் பார்த்ததில், அவள் மூளையைவிட அவள் அட்டையில்தான் விஷயம் என்று பட்டது. அவள் அட்டையில் இருக்கும் கோலம் வேறு, என்னுடையது வேறு. நல்ல அட்டை அவளுக்கு விழுந்துவிட்டது.

"ஏண்டி, உன் அட்டைய இங்க குடு. இன்னிக்கு நான் வச்சிக்கிறேன்" என்றேன்.

"எடுத்துக்கோக்கா. ரெண்டும் அட்டதான?" என்று கொடுத்துவிட்டாள்.

அன்று நடந்ததை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. என் பெயர் பச்சை. மறுபடியும் பச்சை. கடைசிவரை பச்சை. டீச்சர் கைதட்டச் சொன்னாள், தட்டினார்கள். ஓரகத்திக்கு ஒன்றிரண்டைத் தவிர மற்றதெல்லாம் சிவப்பு. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து வகுப்பைப் பார்க்க வருகிறார்கள், அவர்கள் முன்னால் இதே விளையாட்டு நடக்கும், அதிகம் பச்சை வாங்குகிறவர்தான் டிவி முன்னால் நின்று வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். மரூன் கலர் பட்டுக் கட்டுவதா, நீலமா என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது ஓரகத்தி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. மீன் படம் வந்தப்ப நீ தப்பாப் புடிச்ச, நான் பாத்தேன். ஆனா செவந்தது என் பேருதான்."

"அதுக்கு?"

"எந்த அட்ட யாரோடதுன்னு அந்த போனுக்குத் தெரியும்போல. உன் அட்டய யார் புடிச்சாலும் உன் பேருதான் வருது. நான்தான்க்கா உனக்குப் பச்ச வாங்கிக் குடுத்திருக்கேன்."

அவங்கவங்க அட்டையை அவங்கவங்கதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் முதல் நாளே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தண்ணீர்ப் பாட்டில் மாறக்கூடாது என்பது போல, சுத்தத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் அதோடு விடவில்லை. "அவங்க வர்ற அன்னிக்கும் இப்படியே இருக்கட்டும்க்கா. பெரியவ நீ, நீயே போய் வாசி. எனக்கு ஒண்ணும் இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. எனக்கு இவள் பிச்சை போடுகிறாளா? அவள் பையில் கைவிட்டு என் அட்டையை எடுத்துக்கொண்டேன். அவளுடையதை அவள் கையில் திணித்தேன்.

மேலிடத்துக்காரர்கள் வந்த அன்று சாதாரணச் சேலைதான் கட்டிக்கொண்டு போனேன். எனக்கு இரண்டு பச்சை வந்தது. மற்றதெல்லாம் சிவப்பு. அவளுக்கு எல்லாமே பச்சை. ஒன்றாவது சிவக்காதா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன், சிவக்கவில்லை.

அவளை வாசிக்கக் கூப்பிட்டார்கள். டிவியில் பெரிய எழுத்தில் ஒரு வரி. "என் மகள் இன்று" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அடுத்த சொல்லில் நின்றுவிட்டாள். "தி... திண்..." என்று இழுத்தாள். டீச்சர் காத்திருந்தாள். வந்தவர்கள் காத்திருந்தார்கள். எனக்குக் கண்ணாடியும் வேண்டியிருக்கவில்லை, அட்டையும் வேண்டியிருக்கவில்லை. எத்தனை வருஷம் பார்த்த முகம் அது.

"திண்டிவனம்" என்றேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

வந்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி சொல்லிவிட்டாள். "எங்க அக்கா சார். எங்களுக்கெல்லாம் பஸ்ஸு படிச்சுச் சொல்றது அவங்கதான்."

அதையும் அவளே சொல்லிவிட்டாள். எனக்கென்று அவள் எதைத்தான் விட்டுவைத்தாள்?

அந்த வகுப்பு எனக்குக் கொடுத்ததை இல்லை என்று சொல்லவில்லை. இதை எழுதுவதே அங்கே போனதால்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் பிடிக்கிறது, பிடிக்கட்டும். ஓரகத்தி இன்னும் வேகமாக எழுதுகிறாளாம், டீச்சர் சொன்னாள். நான் கேட்கவில்லை.

நேற்று இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். உப்புக் குவியல்களைத் தாண்டி, வளைவில் பஸ் திரும்பியது. அவள் கண்ணைச் சுருக்கி, உதட்டை அசைக்க ஆரம்பித்தாள்.

"புதுச்சேரி" என்றேன் நான். இந்தத் தடவை பக்கத்தில் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.