பத்து டொலரில் இருந்த ஊர்

லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் இத்தாலிய மூதாட்டிக்கு, என் சிஞ்ஞோராவுக்கு, எண்பது கடந்துவிட்டது. ஒருநாள் காலை, அவருடைய தாத்தாவின் கல்யாணப் படத்தைத் துடைக்க இறக்கினேன். பின்னட்டை கழன்று, மடித்த நோட்டு ஒன்று விழுந்தது. பத்து டொலர். இப்போதைய டொலரைவிடப் பெரியது. நடுவில் ஏதோ வங்கியின் பெயர். ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் மடிப்பு தேய்ந்து, மேலே ஒட்டிய டேப்பும் பழுத்துப்போயிருந்தது.

படமெடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"உது விளையாட்டுக் காசு. டொலரிலை ஆரும் ஊர் வங்கியின்ரை பேரைப் போடுவினமோ?"

சிஞ்ஞோராவுக்கும் அதே சந்தேகம். ஆனாலும் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு, "வா, வுச்சீரியாச் சந்தைக்குப் போவம்" என்றார்.

அங்கே பழைய நாணயமும் தபால்தலையும் விற்பவர் நோட்டை விளக்கொளியில் பிடித்தார்.

"நல்ல நோட்டு. அந்தக் காலத்திலை அமெரிக்காவிலை சின்ன ஊர் வங்கிகளும் அரசாங்க அனுமதியோடை தங்கடை பேரிலை நோட்டு வெளியிட்டவை. இந்தப் பெரிய எண் அந்த வங்கிக்குரியது. கீழை வங்கித் தலைவரும் காசாளரும் வைச்ச கையெழுத்து."

"அப்ப விலை?" என்றார் சிஞ்ஞோரா.

"பெரிய நகரத்து நோட்டுகள் எங்கையும் கிடக்கு, அதுக்கு விலையில்லை. சின்ன ஊரெண்டால்தான் மதிப்பு." எண்ணைக் கைபேசியில் தட்டிப் பார்த்தார். "பென்சில்வேனியா. நிலக்கரிச் சுரங்க ஊர்." ஊரின் பெயரை வாசித்தார். "டேப் ஒட்டாமல் விட்டிருந்தால் இன்னும் கூடத் தரலாம். இருநூறு யூரோ."

சிஞ்ஞோரா பேரம் பேசத் தொடங்கினார். மீன் வாங்கும்போது பேசுவதைவிட உற்சாகமாகப் பேசினார். கடைக்காரர் முந்நூறுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "விக்கிறதெண்டு நான் சொல்லேல்லையே" என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் தபால்தலைகளைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன், "ஏன் சிஞ்ஞோரா, நல்ல விலைதானே?"

"தாத்தா அமெரிக்காவிலை எட்டு வருசம் இருந்தவர். எந்த ஊரெண்டு எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால் 'அமெரிக்கா' எண்டு மட்டும் சொல்லுவார்."

வீட்டுக்கு வந்து அந்த ஊரைக் கைபேசியில் தேடினேன். ஒரே ஒரு பெரிய தெரு. பழைய வங்கிக் கட்டடம் கல்தூண்களோடு அப்படியே நின்றது. உள்ளே இப்போது பீட்சாக் கடை. சிஞ்ஞோரா கண் கலங்கும் வரை சிரித்தார். பிறகு தொரினோவில் இருக்கும் தங்கையை அழைத்து, அந்த ஊரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். மேசையில் பாஸ்தா ஆறிப்போனது. அன்று அவரைச் சாப்பிட வரச்சொல்ல எனக்கு மனம் வரவில்லை.